நூற்றுப் பன்னிரண்டு அடி

திருநீர்மலைக்குப் பின்னால், கல்குவாரிச் சாலையில்
ஒரு தகரக் கதவு.
பெயர்ப்பலகை இல்லை.
வைத்திருந்தோம் முதலில்.
பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து
"ஒரு ரவுண்டு எவ்ளோ?" என்று கேட்டார்கள்.

பதினோரு மட்டக்குதிரைகள்.
விடிகாலையில் கொள்ளு வேகிற வாசனைக்கு
முதலில் கதவை உதைப்பவள் ரோஜா.
கடைவாய்ப் பற்கள் தேய்ந்துவிட்டன.
அவளுக்கு மட்டும் மிக்ஸியில் அரைத்துக் கொடுக்கிறோம்.
இது மூன்றாவது ஜார்.

பதிவேடு என் பொறுப்பு.
பெயர், உயரம், தழும்பு, செய்த வேலை.
செங்கல்பட்டு டோல்கேட் அருகே
கட்டுக்கயிறோடு விட்டுப்போன கிழவனுக்கு
வேலை 'தெரியாது' என்று எழுதினேன்.
அவன் முதுகுக்குத் தெரியும்.

பவுடர், கல்யாண ஊர்வலம்.
வெள்ளைக் குதிரை என்று சொல்லித்தான் இறக்கினார்கள்.
முதல் மழையில் சாம்பல் நிறமானாள்.
முகூர்த்த நாட்களில் மலையடிவாரத்தில்
பேண்டு வாத்தியம் தொடங்கியதும்
இருட்டுக் கொட்டிலில் தனியாக
ஒரு காலைத் தூக்கி வைக்கிறாள்,
பிறகு மற்றதை.
வேட்டு வெடித்தால் நிறுத்தி, பார்த்து, மறுபடி.
பயமா பழக்கமா என்று கேட்டதற்கு
டாக்டர் பெனடிக்டா
ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் போட்டபடி
"ரெண்டுக்கும் நாடி ஒண்ணுதான்" என்றார்.

ராக்கெட், மெரினா சவாரி, பதினான்கு வருடம்.
இரண்டு ஏக்கரில் அவிழ்த்துவிட்டோம்.
நூற்றுப் பன்னிரண்டு அடி நடந்தான்.
நின்றான். திரும்பினான்.
கதவுக்கு வந்து அரை நிமிடம் அசையாமல் நின்றான்,
முதுகிலிருந்து யாரோ இறங்கட்டும் என்று.
பிறகு மறுபடி நூற்றுப் பன்னிரண்டு.
நூற்றுப் பதின்மூன்றாவது அடியில்
கேரட் வைத்துப் பார்த்தேன்.
கழுத்தை மட்டும் நீட்டித் தின்றான்.

ஆடி கழிந்து ஒரு புதன்கிழமை
ஷேர் ஆட்டோவில் தேசப்பன் வந்தார்.
கையில் ஜாம்பஜாரில் பொறுக்கிய முள்ளங்கி இலை.
இப்போது பலூன் சுடுகிற கடையாம்.
'துப்பாக்கி தீனி கேக்காது' என்றார், சிரிக்காமல்.

அவருக்காகச் சில வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன்.
தழும்புப் பத்தியில் ராக்கெட்டுக்கு ஒன்பது வரி,
சேணம் அறுத்த இடம், கயிறு அறுத்த இடம்.
நான் வாயைத் திறப்பதற்குள்
"கண்ணு?" என்றார்.
"இடது போய்டுச்சு."
"தெரியும்மா. அதான் எப்பவும்
அந்தப் பக்கமா நடப்பேன்."

கயிறு கேட்கவில்லை.
இடது பக்கம் போய் நின்றார்.
கழுத்தில் கை வைக்கக்கூட இல்லை,
இரண்டு பேரும் நடந்தார்கள்.
விமானம் ஒன்று தாழப் பறந்து மீனம்பாக்கத்தில் இறங்கியது.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டில்
இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.
எதிரில் வெறும் கோரைப்புல்.
சேற்றில் பட்டுவிடாமல் இருக்க
வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கியிருந்தார்.
சேறு எதுவும் இல்லை.

கதவருகே வந்ததும்
அவருடைய இரண்டு கைகளும் தாமாக உயர்ந்தன,
ஏதோ ஒரு குழந்தையின் அக்குளுக்கு.
காற்றைப் பிடித்து இறக்கினார்.
உடனே கையை மடித்துக்கொண்டு
என்னைப் பார்க்காமல் பீடியைத் தேடினார்.
ராக்கெட் உடம்பைச் சிலிர்த்தான்.
முன்னங்கால் மடித்து, பின்னங்கால் மடித்து
செம்மண்ணில் விழுந்து புரண்டான்
நான்கு குளம்பும் வானத்தைப் பார்க்க.
வந்து எட்டு மாதத்தில் முதல்முறை.

நான் சேர்த்து வைத்தது என்னிடமே இருக்கிறது.
டீ கொடுத்தேன். சர்க்கரை வேண்டாம் என்றார்.
பேருந்துக்கு முப்பது ரூபாய் கேட்டார், கொடுத்தேன்.

மறுநாள் விடியலில் எண்ணினேன்,
நூற்றுப் பதினான்கு.
தப்பாக எண்ணியிருப்பேன்.
கொள்ளு அடிப்பிடிக்கிற வாசனை வந்துவிட்டது,
ரோஜா வேறு கதவை உதைக்கிறாள்.